கத்திரி வெயிலில் ஒரு பாறைச் சந்து

"ஊரே கத்திரிக்குப் பயந்து ஊட்டி, கொடைக்கானல்னு ஓடுது. நீ பாலைவனத்துக்குப் போறேங்கறியே!" என்று எதிர்வீட்டு மாமி சிரித்தார். நங்கநல்லூரில் அந்த வாரம் காலை எட்டு மணிக்கே மொட்டை மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியவில்லை. நான் போன பாலைவனத்தில் மதிய வெயில் 30 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. திரும்பி வந்து மாமியிடம் சொன்னேன். இன்னும் நம்பவில்லை.

நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். வயது 49. மலையேற்றத்தில் பெரிய ஆள் எல்லாம் இல்லை. நாகலாபுரம் இரண்டு முறை, பர்வதமலை ஒரு முறை, அவ்வளவுதான் அனுபவம். தம்பி அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரத்தில் இருக்கிறான். அவன் மகனுக்குப் பதினைந்து வயது. அந்தப் பையன்தான் ஒருநாள் ஒரு படம் அனுப்பி, "அத்தை, இங்க போலாமா?" என்று கேட்டான். படத்தில் இரண்டு செந்நிறப் பாறைச் சுவர்கள், நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நடந்து போகிறார், மேலே நூல் மாதிரி வானம்.

ஸ்லாட் கேன்யன் என்கிறார்கள். நான் சந்து என்றே எழுதப் போகிறேன், ஏனென்றால் பார்த்ததும் எனக்கு அதுதான் தோன்றியது. சென்னையில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு இடுக்கு இருக்குமே, ஏசி பெட்டிகள் சொட்டிக்கொண்டு, பிளம்பர் மட்டும் உடம்பைத் திருப்பிக்கொண்டு போய்வருவாரே, அது. அதையே நூறடி உயரத்துக்கு இழுத்து, சிமென்டுக்குப் பதிலாக மணற்பாறையை வைத்து, நெளித்து விட்டால் வயர் பாஸ்.

வயர் பாஸ் யூட்டா மாநிலத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது. அது போய்ச் சேரும் பக்ஸ்கின் கல்ச் உலகத்திலேயே மிக நீளமான பாறைச் சந்துகளில் ஒன்று, இருபது கிலோமீட்டருக்குமேல் போகிறது. முழுக்க நடக்க எங்களுக்குத் தெம்பும் இல்லை, அனுமதியும் இல்லை. உள்ளே இரவு தங்குவதென்றால் ஒரு நாளைக்கு இருபது பேருக்குத்தான் இடம். பகலில் போய்த் திரும்புவதற்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, தலைக்கு ஆறு டாலர் கட்டினால் போதும். வயர் பாஸ் வழியாக இறங்கி, பக்ஸ்கினோடு சேரும் இடத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது என்று முடிவு செய்தோம்.

தயாரிப்பை பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டேன். சனி, ஞாயிறு காலையில் பெசன்ட் நகர் கடற்கரை. தண்ணீர் ஓரமாக ஈர மணலில் நடப்பது பயிற்சியே இல்லை. மேலே கால் புதைகிற உலர்ந்த மணலில் நடக்க வேண்டும், அதுவும் முதுகில் ஆறு ஒரு லிட்டர் பாட்டில்களோடு. முதல் வாரம் இருபது நிமிடத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஏப்ரலில் ஒன்றரை மணி நேரம் நடந்தேன். வார நாட்களில் பரங்கிமலைப் படிக்கட்டு, ஏறி இறங்கி நான்கு தடவை. வயர் பாஸுக்குப் போகும் வழி காய்ந்த ஓடை மணல்தான் என்பதால் கடற்கரைப் பயிற்சி அப்படியே கைகொடுத்தது. ஒரு தப்பு மட்டும் செய்தேன். கடற்கரையில் வெறுங்காலோடும், பரங்கிமலையில் சாதாரண நடை ஷூவோடும் பழகினேன். மலையேற்ற ஷூவை "புதுசு மாதிரிதானே இருக்கு, அங்க போய்ப் போட்டுக்கலாம்" என்று பரணிலேயே விட்டுவிட்டேன். அதன் பலனை அப்புறம் சொல்கிறேன்.

இன்னொரு பழக்கத்தை அங்கே போய்த்தான் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. வேர்த்துக் கொட்டினால்தான் நமக்குத் தண்ணீர் ஞாபகமே வரும். அங்கே வேர்வை வருவதே தெரியாது, வந்த நொடியே காய்ந்துவிடும். முதல் நாள் ஃபீனிக்ஸில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, "பரவாயில்லையே, ஒரு பொட்டு வேர்வை இல்லை" என்று பெருமைப்பட்டேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் கறுப்பு மேல்சட்டையின் முதுகில் வெள்ளையாக உப்புக் கோடுகள். மாலையில் தலைவலி. அதற்கப்புறம் தாகம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நாலு மடக்கு என்று மருமகன் கைப்பேசியில் மணி வைத்துவிட்டான். ஆளுக்கு நான்கு லிட்டர் எடுத்துப்போனோம். அது அந்த ஊரில் எல்லோரும் சொல்கிற அளவு. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தாலும் ஆகாது, உப்பும் போக வேண்டும். நார்த்தங்காய் ஊறுகாயும் உப்புக்கடலையும் என் உபயம். தம்பி ஏதோ கலர்ப் பொடி கரைத்தான். மருமகன் இரண்டையும் சாப்பிட்டான்.

மூக்கினுள் தடவ ஒரு சின்னப் புட்டி தேங்காய் எண்ணெய் கொண்டுபோங்கள். காய்ந்த காற்றில் மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்தது.

இப்போது வெள்ளத்துக்கு வருகிறேன். இந்த ஊர்ச் சந்துகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வெயிலோ பாம்போ இல்லை, தண்ணீர். பாலைவனத்தில் தண்ணீரில் மூழ்கிச் சாவதா என்று முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. மருமகனுக்கு நான் விளக்கியது இப்படி. நம் வீட்டு மொட்டை மாடியை எடுத்துக்கொள். சிமென்ட் தளம், ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காது. ஐந்து நிமிடம் பலமாகப் பெய்தால் மாடி முழுக்க விழுந்த தண்ணீர் மூலையில் இருக்கிற ஒரே குழாய் வழியாகச் சீறிக்கொண்டு இறங்கும். அந்தப் பாலைவனம் பல நூறு சதுர கிலோமீட்டர் மொட்டை மாடி. வெறும் பாறை, கொஞ்சம் புதர், தண்ணீரைப் பிடித்து வைக்க மண்ணே இல்லை. நாம் போய் நிற்கப்போகும் சந்துதான் அந்தக் குழாய்.

சந்து உண்டானதும் அதே தண்ணீரால்தான். அந்தப் பாறையை நவாஹோ மணற்பாறை என்கிறார்கள். ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் காற்றுக் குவித்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை. சுவரில் சாய்ந்து சாய்ந்து ஓடும் கோடுகள் எல்லாம் பழைய மணல்மேட்டின் சரிவுகள். அதில் எங்காவது ஒரு விரிசல் விழும், வருஷத்துக்குச் சில முறை வெள்ளம் வரும். அந்த வெள்ளம் வெறும் தண்ணீராக வராது, மணலையும் கல்லையும் அள்ளிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி தேய்த்துக்கொண்டு வரும். அகலப்படுத்த நேரம் இல்லாமல் ஆழமாக மட்டும் அறுத்துக்கொண்டே போனதில் கிடைத்ததுதான் இந்தச் சந்து. ஆக, சந்தின் அழகைப் பார்க்கப் போகிறவர்கள் வெள்ளத்தின் கைவேலையைத்தான் பார்க்கப் போகிறார்கள்.

இதில் நம் புத்திக்கு எளிதில் ஏறாத விஷயம், மழை நம் தலைமேல் பெய்ய வேண்டிய அவசியமே இல்லை என்பது. 1997 ஆகஸ்ட் 12 அன்று, அரிசோனாவின் வடக்கு ஓரத்து பேஜ் நகரத்துப் பக்கத்தில் உள்ள ஆன்டலோப் கேன்யனில் 11 பேர் வெள்ளத்தில் இறந்தார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாக ஒன்றுமில்லை. மேலே பல கிலோமீட்டர் தள்ளிக் கொட்டியது இறங்கி வந்துவிட்டது. 2015 செப்டம்பரில் யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் கீஹோல் என்ற சந்தில் ஏழு பேர் போனார்கள்.

எனக்கு இது ஏட்டுச் சேதியாக இருக்கவில்லை. அதே 2015, டிசம்பர் மாதம், ஜாபர்கான்பேட்டையில் பெரியப்பா வீடு. மழை விட்டுவிட்டது, அப்பாடா என்று படுத்தவர்கள் நடுராத்திரியில் கட்டில் கால் நனைந்து எழுந்தார்கள். செம்பரம்பாக்கத்திலிருந்து அடையாற்றில் வந்த தண்ணீருக்கு ஜாபர்கான்பேட்டையில் மழை விட்டது தெரியாது. பெரியம்மா இப்போதும் மழை நாளில் வானத்தைப் பார்க்க மாட்டார், "ஏரியில எவ்வளவு அடி?" என்றுதான் கேட்பார். யூட்டாவில் நான் அவர் மாதிரிதான் நடந்துகொண்டேன்.

அங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அமெரிக்க வானிலைத் துறையின் ஒரு பக்கம் உண்டு. தெற்கு யூட்டாவின் பூங்காக்களுக்கு அன்றன்றைக்குத் திடீர் வெள்ள வாய்ப்பு என்ன என்று நான்கு படிகளில் போடுகிறார்கள். எதிர்பார்க்கவில்லை, வரலாம், அநேகமாக வரும், வரும். கீஹோலில் அந்த ஏழு பேர் இறங்கிய நாள் "அநேகமாக வரும்" என்ற படியில் இருந்தது. ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடியும்வரை அங்கே பருவமழைக் காலம், மதியத்துக்கு மேல் இடி மேகம் கட்டுவது சகஜம். மே அதற்கு முன்னாலேயே வருகிறது, அதனால்தான் கோடை விடுமுறையில் போனேன். ஆனாலும் மே மாதத்தில் மழையே வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஃபீனிக்ஸிலிருந்து பேஜ் நாலரை மணி நேரக் கார்ப் பயணம். ராத்திரி அங்கே ஒரு விடுதியில் தங்கி, காலையில் கிளம்பினோம். விடிந்ததும் பார்த்தால் அன்றைய படி "வரலாம்."

"வரலாம்னா வராதுன்னும் அர்த்தம்தானே அக்கா" என்றான் தம்பி.

சரி, போய்ப் பார்ப்போம் என்றேன். நெடுஞ்சாலை 89-லிருந்து பிரிகிற ஹவுஸ் ராக் வேலி சாலை மண்சாலை, சுமார் பதின்மூன்று கிலோமீட்டர். காய்ந்திருந்தால் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுபோய் விட்டுவிடும். நனைந்தால் களிமண், நான்கு சக்கரமும் சுழலும் வண்டியே மாட்டிக்கொள்ளும் என்பதால் மழை வந்தால் சந்தில் மட்டும் ஆபத்து என்று நினைக்காதீர்கள், திரும்பி வரும் வழியும் போய்விடும். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தில் மண்சாலைக்கு அனுமதி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். பலதில் இருக்காது.

ஆறு டாலர் வீதம் மூன்று பேருக்குக் கட்டி, காய்ந்த ஓடையில் அரை மணி நேரம் நடந்தோம். ஒன்பதே முக்கால் இருக்கும். தலைக்கு மேல் துடைத்துவிட்ட மாதிரி நீல வானம். ஆனால் மேற்கே, கைபாப் பீடபூமிப் பக்கம், வெள்ளையாக ஒரு மேகம். முதலில் பஞ்சுப் பொதி மாதிரிதான் இருந்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பக்கவாட்டில் பரவாமல் உயரமாக வளர்ந்திருந்தது, காலிஃப்ளவர் தலை மாதிரி. பக்ஸ்கின் சந்துக்குத் தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது.

"திரும்பிடலாம்" என்றேன்.

"அக்கா, நம்ம தலைக்கு மேல ஒரு துளி மேகம் இல்ல."

"பெரியப்பா வீட்டு மேலயும் அன்னிக்கு மேகம் இல்ல."

அவன் ஒன்றும் பேசவில்லை. மருமகன் முகம் சுண்டிப்போனது. பதினைந்து வயதுப் பிள்ளையை நாலரை மணி நேரம் காரில் உட்காரவைத்து, சந்தின் வாயைக்கூடக் காட்டாமல் திருப்பிக் கூட்டிவருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எங்களைத் தாண்டி இரண்டு குழுக்கள் சிரித்துப் பேசிக்கொண்டு உள்ளே போனார்கள். அதில் ஒருவர் "நல்ல நாள்!" என்று எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார்.

அன்று என்ன ஆயிற்று தெரியுமா? ஒன்றும் ஆகவில்லை. ஒரு துளி மழை இல்லை. மதியம் பேஜ் பக்கத்தில் 216 மீட்டர் உயரமுள்ள கிளென் கேன்யன் அணையின் மேல் நின்று கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், அந்த மேகம் மூன்று மணி வாக்கில் கரைந்து காணாமல் போனது. உள்ளே போன இரண்டு குழுக்களும் நல்லபடியாகத் திரும்பி வந்திருப்பார்கள். "18 டாலர் தண்டம்" என்று தம்பி ராத்திரிவரை சொல்லிக்கொண்டிருந்தான். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று எனக்கும் மனசுக்குள் கணக்கு ஓடாமல் இல்லை.

எழுதுகிறவர்கள் பொதுவாக இந்த இடத்தில் "நாங்கள் திரும்பிய அரை மணி நேரத்தில் வெள்ளம் வந்தது" என்று எழுதுவார்கள். எனக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. திரும்பி வருவதில் உள்ள கஷ்டமே இதுதான். நீங்கள் செய்தது சரி என்று யாரும் நிரூபித்துக் காட்ட மாட்டார்கள். கூட வந்தவர்கள் கிண்டல் செய்வார்கள், பணம் போகும், அன்று உள்ளே போனவர்கள் அழகான படங்களோடு வெளியே வருவார்கள். அதனால் நான் சொல்வது, பயணத்தைத் திட்டமிடும்போதே கையில் ஒரு உபரி நாள் வைத்துக்கொள்ளுங்கள். எங்களிடம் அந்த ஒரு நாள் இருந்ததால்தான் திரும்ப முடிந்தது. இல்லாவிட்டால் தம்பி பேச்சுக்கு நான் தலையாட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் "எதிர்பார்க்கவில்லை." வானம் நான்கு திசையும் காலி. மறுபடி 18 டாலர்.

கிளம்பும் முன் தம்பி மனைவிக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினோம். எந்தச் சந்து, எந்த வழியாக இறங்கி எங்கே திரும்புகிறோம், வண்டி எண், ஆறு மணிக்குள் பேசாவிட்டால் எந்த அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். 2003-இல் ஆரன் ரால்ஸ்டன் என்பவர் யூட்டாவிலேயே புளூஜான் கேன்யனில் உருண்ட பாறைக்கு அடியில் கை மாட்டிக்கொண்டு ஐந்து நாளுக்குமேல் கிடந்து, கடைசியில் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இந்தக் கடிதம் விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு.

தம்பி மனைவி உடனே திருப்பிக் கேட்டாள்: "ஆறு மணின்னா எந்த ஊர் ஆறு மணி அக்கா?" நல்ல கேள்வி. கோடையில் யூட்டா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கிறது, அரிசோனா தள்ளுவதில்லை. அரிசோனாவுக்குள்ளேயே இருக்கும் நவாஹோ நிலம் தள்ளுகிறது. பேஜ் நகரத்தில் என் கைப்பேசி ஒரே ராத்திரியில் மூன்று முறை நேரம் மாற்றியது. அதனால் "அரிசோனா நேரம் ஆறு மணி" என்று எழுதி, என் பழைய கைக்கடிகாரத்தை அதிலேயே வைத்துக்கொண்டேன். வழிகாட்டியோடு போகும் சுற்றுலாவுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வண்டி நிறுத்துமிடத்தில் கழிப்பறை இருக்கிறது. போய்விட்டு வாருங்கள், முக்கியமாகப் பெண்கள். சந்துக்குள் ஒதுங்க இடமே கிடையாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கலாம் என்று நினைக்காதீர்கள், அடுத்த வெள்ளம் அதைக் கிளப்பிவிடும். அவசரத்துக்கென்றே கெட்டியான பைகள் விற்கிறார்கள், அதில் பிடித்து மூடி முதுகுப்பையில் போட்டுத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். சங்கடமான பேச்சுதான், ஆனால் போகிறவர்களுக்கு யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

ஓடையில் ஒன்றரை கிலோமீட்டர் போனதும் இரண்டு பக்கமும் பாறை எழும்ப ஆரம்பித்தது. பிறகு சட்டென்று சந்து. முதல் அடி வைத்ததும் குளிர்ந்தது. வெளியே கண் கூசிய வெளிச்சம், இங்கே அந்தி. நாங்கள் பேசிய பேச்சு தாழ்ந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை. நான் இரண்டு கையையும் விரிக்கப் பார்த்தேன், முழங்கை மடங்கிய நிலையிலேயே உள்ளங்கைகள் சுவரில் பட்டன. மணல் படிந்த சொரசொரப்பு, நம் ஊர் ஆட்டுக்கல்லைப் புதிதாகக் கொத்தினால் இருக்குமே, அப்படி. வெயில் நேராகப் படாத இடங்களில்தான் நிறம். மேலே எங்கோ ஒரு சுவரில் விழுந்த வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டு, அங்கிருந்து இன்னொன்றில் பட்டு, கீழே வரும்போது பழுத்த பப்பாளி நிறத்தில் இருந்தது.

ஓரிடத்தில் பெரிய பாறை ஒன்று சந்தை அடைத்துக்கொண்டு, அதற்கு அந்தப் பக்கம் எட்டடிப் பள்ளம். நாங்கள் போன அன்று ஏணி ஒன்று சாத்தியிருந்தது. அதை நம்பிப் போகாதீர்கள். ஒரு வெள்ளத்தில் ஏணியும் போகும், மணலும் போகும், எட்டடி பத்தடி ஆகிவிடும். இறங்குமுன் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒரே கேள்வி: இதில் நான் திரும்ப ஏற முடியுமா? பையை முதலில் கயிற்றில் இறக்கிவிட்டு, அப்புறம் நாம். ஒடுங்கலான இடத்தில் பையை முதுகில் வைத்திருந்தால் மாட்டிக்கொள்ளும், கையில் தொங்கவிட்டுப் பக்கவாட்டில் நகர வேண்டும். கை வைக்கிற பிடிமானத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வையுங்கள், கிலுகிலுப்பைப் பாம்புக்கும் அந்த நிழல் பிடிக்கும்.

ஒரு இடத்தில் எனக்கு மூச்சு முட்டியது. முன்னால் மருமகன், பின்னால் தம்பி, மார்புக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சாண். மின்சாரம் போய் லிஃப்டில் மாட்டிக்கொண்டது நினைவுக்கு வந்தது. "நில்லு" என்றேன். இருவரும் நின்றார்கள். கண்ணை மூடி ஏழாம் வாய்ப்பாடு சொன்னேன், ஏழு பதினாறு நூற்றுப் பன்னிரண்டு வரை. சரியாகிவிட்டது. குழுவில் யாருக்காவது இப்படி ஆனால் அவசரப்படுத்தாதீர்கள், பின்னால் வருபவர்கள் காத்திருப்பார்கள்.

வயர் பாஸ் பக்ஸ்கினோடு சேரும் இடம் திடீரென்று கல்யாண மண்டபம் மாதிரி விரிகிறது. சுவரில் வளைந்த கொம்பு ஆடுகளை யாரோ செதுக்கிவைத்திருக்கிறார்கள், வரிசையாக. ஐரோப்பியர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பு அங்கே வாழ்ந்த மக்கள். தொடக் கூடாது, விரல் எண்ணெய் பட்டாலே பாறை கெடும். மருமகன் ஆடுகளை எண்ணிக்கொண்டிருந்தபோது நான் தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல், மூன்றாவது மாடி உயரத்தில், ஒரு முழு அடிமரம் இரண்டு சுவருக்கும் குறுக்கே சொருகிக்கொண்டு கிடந்தது. யாரும் தூக்கி வைத்ததில்லை. தண்ணீர் அந்த உயரத்தில் போயிருக்கிறது.

தம்பியும் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பக்ஸ்கினுக்குள் இன்னும் முக்கால் மணி நேரம் நடந்தோம். அங்கங்கே பழைய வெள்ளத்தின் குட்டைகள், பழுப்பாக, வெயில் படாததால் ஐஸ் தண்ணீர். தடியால் குத்திப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். ஒன்று கணுக்கால், அடுத்தது தொடை. அப்படி ஒன்றிலிருந்து கரையேறும்போதுதான் வலது கால் லேசாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஷூவின் அடிப்பாகம் முழுசாகச் சேற்றில் உட்கார்ந்திருந்தது, கடையில் வைத்த மாதிரி. பத்து நிமிடத்தில் இடது காலும்.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். இந்த வகை ஷூக்களில் அடிக்கும் மேலுக்கும் நடுவே பாலியூரித்தேன் என்ற மெத்தை இருக்கிறது. காற்றில் இருக்கும் ஈரம் அதைப் பல வருஷங்களில் உள்ளுக்குள்ளேயே உதிரவைத்துவிடும். போடாமல் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தாலும் நடக்கும், பார்த்தால் புதிது மாதிரியே இருக்கும். சென்னைக் காற்றைவிட அதற்குத் தோதான காற்று எது? என் பரணில் ஏழெட்டு வருஷம் இருந்த ஷூ அது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே போட்டுக்கொண்டு பரங்கிமலை ஏறுங்கள். அங்கே பிய்ந்தால் ஆட்டோ கிடைக்கும்.

தம்பி, மருமகன் இரண்டு பேரிடமும் விலை உயர்ந்த சாமான்கள் ஏராளம். கட்டுவதற்கு உருப்படியாக ஒன்றும் இல்லை. பையை இறக்கிய கயிறு ஷூவைக் கட்டத் தடிமன் அதிகம். பெண்களுக்குத் தெரியும், நம் பையில் இரண்டு பொருள் எப்போதும் இருக்கும்: ஊக்கு, பாவாடை நாடா. நாடாவைச் சரிபாதியாக வெட்டி, குதிகாலைச் சுற்றி, அடியில் குறுக்காகக் கொடுத்து, கணுக்காலில் முடிச்சு. மணலில் நடக்க அது தாங்கியது. அந்த எட்டடிப் பாறையில் ஏறும்போது மட்டும் அடி வழுக்கும் என்று ஷூவைக் கழற்றி மேலே வீசிவிட்டு வெறுங்காலோடு ஏணி ஏறினேன். பெசன்ட் நகர் வெறுங்கால் பயிற்சி அங்கேதான் உதவியது என்று வைத்துக்கொள்ளலாம்.

வெளி ஓடையில் எதிரே வந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர் என் காலைப் பார்த்து நின்றுவிட்டார். இது என்ன கயிறு, நன்றாகப் பிடித்திருக்கிறதே, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் தம்பியைப் பார்த்தேன்.

"பாவாடை நாடாவுக்கு இங்கிலீஷ்ல என்ன அக்கா?" என்றான் அவன்.

"இருபது வருஷமா இங்க இருக்க, நீதான் சொல்லணும்."

மருமகன் ஏதோ சொல்லிச் சமாளித்தான். இந்தியத் தயாரிப்பு என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. வண்டிக்கு வந்து சேர்ந்தபோது என் கடிகாரத்தில் மூன்றே கால். கைப்பேசிக்கு உயிர் வந்ததும் தம்பி மனைவியிடம் பேசினோம். புளியோதரை டப்பாவில் இன்னும் கொஞ்சம் இருந்தது. மூன்று பேருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தபோது தம்பி மேற்கே பார்த்தான். வானம் காலியாகத்தான் இருந்தது.

"நேத்தே வந்திருக்கலாம்" என்றான், ஆனால் நேற்றுச் சொன்ன வேகம் அதில் இல்லை. அவன் பங்கில் ஒரு துண்டு நார்த்தங்காய் கூடுதலாக வைத்தேன்.